பழைய விலைக்குக் கேட்டவர்கள்

கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் இரட்டைத் தண்டவாளம் ரம்புக்கனையில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலை, ஒற்றைப் பாதைதான். கடுகண்ணாவை வரைக்கும் சுமார் 20 கிலோமீற்றரில் நானூறு மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். நாற்பத்தைந்து அடி போனால் ஓரடி உயரும் சரிவு அது. நீராவி நாட்களில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சினை இங்கேதான் கொளுவுவார்கள். அதனால் ரம்புக்கனை சந்தை ஊர் ஆவதற்கு முன்பே ரயில்வேக்காரர் ஊராகிவிட்டது. எஞ்சின் ஓட்டிகள், கரி அள்ளுவோர், சிக்னல்காரர் என்று பல சாதி பல மொழி ஆட்கள் வந்து தங்கிய இடம்.

கோப்பி மூட்டைகளைக் கீழே இறக்கப் போட்ட பாதை இது. தண்டவாளம் கண்டியைத் தொட்ட 1867ஆம் ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை நட்டார். பாறை வெட்டியவர்களில் எத்தனையோ பேர் மலேரியாவில் மடிந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளும் உண்டு. இன்றைக்கு ரயிலின் கதவருகே கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அலகல்ல மலையின் பள்ளத்தாக்கு மட்டும்தான் தெரிகிறது. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மவர்களும் இறால் வடையைக் கடித்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறோம்.

உல்லாசப் பயணிகள் ரம்புக்கனையில் இறங்குவது பின்னவலை யானைகளுக்காக. நான் இறங்கியது ரயில் கடவைக்காக.

கடவை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேற் மூடும், மணி அடிக்கும், இரு பக்கமும் பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் முண்டியடிக்கும், ரயில் போகும், கேற் திறக்கும். சுற்றிவர மருந்துக் கடை, புடவைக் கடை, லொத்தர் சீட்டுப் பெட்டி, ரம்புட்டான் காலத்தில் ரம்புட்டான், இல்லாத காலத்தில் அன்னாசி. எரிபொருள் நிலையமும் எட்டத்தில் இல்லை. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி பொலிஸார் இங்கே சுட்டார்கள்.

அன்றைக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய இரவிலிருந்து தொடங்க வேண்டும். எரிபொருளுக்கான வரிசை முதல் நாளே நிற்கத் தொடங்கிவிட்டது. பெற்றோல் கொண்டுவரும் பவுசர் வரவில்லை. நள்ளிரவில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விலையைக் கூட்டியது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 254 ரூபாயிலிருந்து 338 ஆயிற்று; டீசல் 289. விடிய விடிய நின்றவன், பவுசர் நேரத்துக்கு வந்திருந்தால் பழைய விலைக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பான். ஆகவே சனம் கேட்டது ஒன்றேயொன்றுதான்: பழைய விலைக்குக் கொடுங்கள். ஆட்சியை மாற்று என்றோ அரசியலமைப்பைத் திருத்து என்றோ அல்ல. ஒரு லீற்றருக்கு 84 ரூபாய் வித்தியாசம். தண்டவாளத்தையும் தெருவையும் மறித்து உட்கார்ந்தார்கள். மதியம் கடந்ததும் கண்ணீர்ப்புகை வந்தது, பிறகு துப்பாக்கி. இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் இறந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களில் பொலிஸாரும் இருந்தனர். பவுசருக்குத் தீ வைக்க வந்தார்கள், அதைத் தடுக்கச் சுட்டோம் என்றது பொலிஸ். இல்லை என்றது ஊர். அன்றிரவே ஊரடங்கு.

அந்த வருடத்து மக்கள் எழுச்சியில் பொலிஸ் சூட்டில் விழுந்த முதல் உயிர் அது. காலி முகத்திடலில் பத்து நாளாகக் கூடாரம் அடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு, கொழும்புக்கு வெளியே இந்தப் போராட்டம் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டியது ரம்புக்கனைதான்.

கடவைக்குப் பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சிங்களவர், ஐம்பதை நெருங்கும் வயது. அன்றைக்கு வரிசையில் நின்றாராம். 2019இல் கோட்டாபய ராஜபக்சவை ஜனாதிபதியாக்கிய 69 இலட்சம் பேரில் அவரும் ஒருவரா என்று கேட்டேன். இப்போதெல்லாம் அந்த எண்ணைச் சொன்னாலே சண்டைக்கு வருவார்கள். இவர் சிரித்தார். “அன்றைக்கு இந்தக் கேற்றடியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தான், மஹத்தயா. கேகாலை என்றால் வேறு யார்?” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “சுட்டவனும் யாரோ ஒருவர் வீட்டுப் பொடியன்தானே. அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கும் அன்றைக்குப் பெற்றோல் இருந்திருக்காது,” என்றார்.

அந்த ஆட்சி எப்படிப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. யுத்தத் தாங்கியில் ஏறி வந்த ஆட்சியல்ல அது. வாக்குப் பெட்டியில் வந்தது. கோட்டாபயவின் அண்ணன் மகிந்த பிரதமர், இன்னோர் அண்ணனும் தம்பியும் அண்ணன்மாரின் மகன்மாரும் மந்திரி. வந்த மறு வருடமே 20ஆவது திருத்தம், அதிகாரமெல்லாம் ஒருவர் கையில். சிவில் பதவிகளில் ஓய்வுபெற்ற படை அதிகாரிகள். 2021இல் ஒரே கையெழுத்தில் இரசாயன உரத்துக்குத் தடை. தேயிலைத் தோட்டத்திலும் வயலிலும் என்ன நடக்கும் என்று எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை. பிறகு நடந்தது உலகுக்கே தெரியும். கடன் கட்ட முடியாது என்று ஏப்ரல் 12இல் அறிவிப்பு. மே 9இல் மகிந்த பதவி விலகல். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் சனம். 14இல் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் வந்த இராஜினாமா.

ரம்புக்கனையில் நின்று யோசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். சுட்ட துப்பாக்கி ராஜபக்சக்களின் வீட்டுத் துப்பாக்கி அல்ல. அவர்களுக்கு முன்பும் அது அரசின் களஞ்சியத்தில் இருந்தது, அவர்கள் போன பிறகும் இருக்கிறது. கோட்டாபய போன எட்டாவது நாள், ஜூலை 22 விடியற்காலையில், காலி முகத்திடலில் எஞ்சியிருந்தவர்களை அடித்து விரட்டியது அடுத்த ஜனாதிபதியின் ஆட்சி. 1978இல் ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த நிறைவேற்று ஜனாதிபதி முறை அப்படியே நிற்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிற்கிறது. அரசியலமைப்புத் திருத்தங்களைப் பாருங்கள்: 2001இல் 17 ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது, 2010இல் 18 கூட்டியது, 2015இல் 19 குறைத்தது, 2020இல் 20 கூட்டியது, 2022இல் 21 மறுபடி கொஞ்சம் குறைத்தது. வருகிறவருக்கு ஏற்ப இடுப்பைப் பிடித்தும் விட்டும் தைக்கிற காற்சட்டை மாதிரி ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம்.

மகிந்த பதவி விலகிய அதே 2022 மே 9ஆம் திகதி பிலிப்பைன்ஸில் வாக்கெடுப்பு நடந்தது. 1986இல் மணிலாத் தெருக்களில் இலட்சக்கணக்கில் திரண்டு ஃபெர்டினண்ட் மார்கோஸை விரட்டிய அந்த நாட்டு மக்கள், அன்றைக்கு அவருடைய மகனை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ராஜபக்சக்களின் அம்பாந்தோட்டையில் இதைக் கவனித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு குடும்பத்தை மாளிகையிலிருந்து இறக்க நாட்கள் போதும். அந்தக் குடும்பம் ஆள்வதற்குக் கைகொடுத்த கந்தோர்களையும் பழக்கங்களையும் மாற்ற முப்பத்தாறு வருடமும் போதவில்லை.

பின்னவலையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1975 முதல் அநாதை யானைகள் வளரும் இடம். மகா ஓயாவில் குளிக்க அவற்றைத் தெரு வழியே கூட்டிப்போகும் நேரத்தில் பஸ்ஸும் காத்து நிற்க வேண்டும். யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. நமது நாட்டில் அரச ஊழியர் ஒருவர் பொறுமையாகச் சனத்தை நிறுத்தி வைப்பதையும், சனம் மனமுவந்து நிற்பதையும் அங்கே பார்க்கலாம்.

கேகாலை நகரில் நீதிமன்றத்தைப் பார்க்கப் போனேன். உள்ளே போக வேலை இல்லை, வெளியே நின்றேன். சாட்சிக்கு வந்தவர்கள், சட்டத்தரணியைத் தேடுபவர்கள், வெற்றிலைக்காரி. ரம்புக்கனைச் சூடு நடந்த அதே ஏப்ரல் மாதம் முடிவதற்குள், கேகாலை நீதவான் சுட்டவர்களையும் சுட உத்தரவிட்டவர்களையும் கைதுசெய்யச் சொன்னார். மாவட்டத்தின் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகரும் மூன்று கான்ஸ்டபிள்களும் விளக்கமறியலுக்குப் போனார்கள். கோட்டாபய அப்போதும் ஜனாதிபதி. மகிந்த அப்போதும் பிரதமர். அந்த உத்தரவை எழுதிய மேசை, ஆட்சி விழும் வரை காத்திருக்கவில்லை. ஒரு சமூகம் திரும்பக் கட்டப்படுவது பற்றிப் பெரிய மண்டபங்களில் நடக்கும் கருத்தரங்குகளைவிட எனக்கு இது நம்பிக்கை தருகிறது. கைது வேறு, தீர்ப்பு வேறு என்பது தெரியாமல் சொல்லவில்லை.

கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவவுக்கு இந்த விஷயத்தில் நீண்ட நினைவு உண்டு. 1971 ஏப்ரல் 5இல் மக்கள் விடுதலை முன்னணியின் முதல் கிளர்ச்சி வெடித்தபோது, நாட்டிலேயே அது வேரூன்றிய இடங்களில் ஒன்று கேகாலை மாவட்டம். பொலிஸ் நிலையங்கள் கிளர்ச்சியாளர் கைக்கு வீழ்ந்தன. படை திரும்பி வந்தபோது ஆற்றில் பிணங்கள் மிதந்தன என்று இந்தப் பக்கத்துக் கிழவர்கள் சொல்வார்கள். 1987 முதல் 1989 வரையிலான இரண்டாவது கிளர்ச்சியில் இன்னும் மோசம். இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியவில் இருபதுக்கும் அதிகமான பாடசாலை மாணவர்கள் படையினரால் கொண்டுபோகப்பட்டுக் காணாமல் போனார்கள். 1994இல் சூரியகந்தவில் புதைகுழி தோண்டப்பட்டது. அந்த வருடம் பதினேழு வருட ஆட்சி விழுந்தது. விசாரணைக் குழுக்கள் வந்தன. 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபருக்கும் ஆறு படையினருக்கும் பத்து வருடச் சிறை விதித்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்குக் கிடைத்தது அவ்வளவுதான், ஆனாலும் தெற்கில் மற்றத் தாய்மாருக்கு அதுவும் கிடைக்கவில்லை. வடக்கில் கேட்கவே வேண்டாம்.

அன்றைக்கு வேட்டையாடப்பட்ட கட்சி இன்றைக்கு ஆள்கிறது. 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் அந்தக் கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்திக்கு நாடாளுமன்றத்தில் 159 ஆசனம். இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் என்ற தமிழர் தெரிவாகிப் பிரதி அமைச்சரானார். 2025இல் சில காட்சிகள் கண்டோம்: பட்டலந்த வதைமுகாம் பற்றிய பழைய அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது, பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனை 177 வாக்குகளால் நாடாளுமன்றம் பதவியிலிருந்து நீக்கியது, முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைதாகிப் பிணையில் வந்தார், மகிந்த அரச மாளிகையைக் காலி செய்தார். மேல் மாடியில் நல்ல துப்புரவு நடக்கிறது. நான் பார்க்க விரும்பியது கீழ் மாடியை.

கேகாலையிலிருந்து மாவனல்லை போகும் வழியில் உத்துவன்கந்தப் பாறை தலை நீட்டும். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று பெயர் வாங்கிய சரதியல் ஒளிந்திருந்த மலை. 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்கப் போன சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 7இல் சரதியலைக் கண்டியில் தூக்கிலிட்டார்கள். கடமையில் உயிரிழந்த முதல் காவலர் என்று சபானைக் கொண்டு இலங்கைப் பொலிஸ் இன்றும் மார்ச் 21ஐ வீரர் தினமாக நினைவுகூர்கிறது. சரதியலுக்கோ மலையடியில் ஒரு கிராமமே பொம்மைகளோடு அமைத்து, நுழைவுச் சீட்டு விற்கிறார்கள். கள்ளனும் பொலிஸும் இருவருமே இங்கே நினைவில் நிற்கிறார்கள். ரம்புக்கனையில் வரிசையில் நின்று செத்தவர் கள்ளனுமில்லை, பொலிஸுமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நாள் குறிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

மாவனல்லையில் தமிழ் காதில் விழும். முஸ்லிம்களின் தமிழ். 2001 மே மாதம் இங்கே கடைகள் எரிக்கப்பட்டன. தேநீர் குடிக்க உட்கார்ந்த கடைக்காரர் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. “அது பழைய கத. இப்ப யாவாரம்தான் பேசோணும்,” என்று முடித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அரநாயக்கப் பக்கம் மலை ஏறினால் ரப்பர் மரங்கள் தொடங்குகின்றன. 2016 மே மாதம் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய பிரதேசம் இது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் இருக்கிறது. நுவரெலியாவைப் போல மலைமலையாகத் தமிழர் வாழும் தோட்டமல்ல. நாற்பது ஐம்பது குடும்பம், சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். அட்டனிலுள்ள மலையகத் தலைவர்கள் இங்கே வருவது தேர்தலுக்கு மட்டும்தான், சில தேர்தலுக்கு அதுவுமில்லை. விடிகாலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு பால்வெட்டு. சிரட்டையில் வடியும் பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுபோனால், குறித்த அளவு இருந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். மழை பெய்தால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. நான் போன ஐப்பசியில் மழை விட்டபாடில்லை.

இந்த மக்களுக்கு எந்த ஆட்சியின் வீழ்ச்சியிலிருந்து கணக்கை ஆரம்பிப்பது? 1947இல் வாக்களித்தார்கள், இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு நாடாளுமன்றத்தில் ஆசனங்கள் கிடைத்தன. மறு வருடமே சுதந்திர நாட்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தே கால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். 1977, 1981, 1983 கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்களும் எரிந்தன. அப்போதெல்லாம் நாட்டில் தேர்தல் நடந்துகொண்டும் நாடாளுமன்றம் கூடிக்கொண்டும்தான் இருந்தது. துரைமாரும் கங்காணியும் சட்டமுமாகச் சேர்ந்த ஓர் ஆட்சி தோட்டத்துக்குள் தனியாக ஓடியது. 2022 ஜூலையில் கொழும்பில் வெடி கொளுத்தியபோது, இங்கே அன்றைக்குப் பாண் கிடைக்கவில்லை என்பதுதான் இந்த வீட்டு நினைவு.

அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பால்வெட்டியவர். விரல்களில் ஒட்டுப்பாலின் கறை இன்னும் போகவில்லை. மூத்த மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். 2008இல் காணாமல் போனார். லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பி, உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது 2007 ஜூனில். அதற்கு மறு வருடம். வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திய காலம். “தோட்டத்துப் பொடியன் எதுக்குங்க அவங்களுக்கு?” என்று அம்மா இன்றும் கேட்கிறார்.

முறைப்பாடு கொடுக்க அன்றைக்குக் கணவரோடு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். தமிழ் தெரிந்த பொலிஸ் எவருமில்லை. அரைகுறைச் சிங்களத்தில் கணவர் சொல்ல, எழுதிக்கொண்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். காணாமற்போனோர் அலுவலகம் வந்தபிறகு அங்கே கொடுக்க அந்த முறைப்பாட்டின் பிரதி தேவைப்பட்டது. பிரதியை வாங்கி வந்து மடித்து, தகரப் பெட்டியில் குடும்பக் காட்டோடு வைத்திருந்தார்கள். பேத்தி உயர்தரம் படித்துவிட்டு மாவனல்லையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். சிங்களம் தண்ணீர் பட்டபாடு. போன வருடம்தான் முதல் முறையாக அதை முழுக்கப் படித்துப் பார்த்தாளாம்.

எனக்கும் படித்துக் காட்டினாள். ஆறே வரி. வேலை செய்த இடத்தில் முரண்பாடு ஏற்பட்டு, வீட்டாருக்கு அறிவிக்காமல் வேறிடம் சென்றிருக்கக்கூடும் என்று முறைப்பாட்டாளரே கருதுகிறார் என்றிருந்தது.

“நாங்க அப்படிச் சொல்லவே இல்ல தம்பி,” என்றார் அம்மா. “வேன்ல ஏத்துனதப் பாத்த பையன் பேரையும் சொன்னோம். கடை மொதலாளி பேரையும் சொன்னோம்.”

அந்தப் பேர்கள் தாளில் இல்லை. அறிக்கைகளும் ஆணைக்குழுக்களும் இப்படிப்பட்ட ஆறு வரிகளின் மேல்தான் ஏறி நிற்கின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டச் சம்பளத்தைக் கூட்டப்போவதாகச் சொன்னது நல்லதுதான். நாடாளுமன்றத்தில் பட்டலந்த பற்றி இரண்டு நாள் பேசினால் அதுவும் நல்லதுதான். அடியில் கிடக்கும் இந்தத் தாளை யாரும் எடுத்துத் திருத்தாமல் மேலே எந்த உண்மை வந்து சேரப் போகிறது?

பேத்தி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பாட்டி சொல்லச் சொல்லத் தமிழில் எழுதியிருக்கிறாள், பதினொரு பக்கம். மகன் என்ன சேர்ட் போட்டிருந்தான், எத்தனை மணிக்குக் கடையிலிருந்து போன் வந்தது, யார் யார் வேனைக் கண்டது, அன்றைக்கு முறைப்பாடு எழுதியவர் எந்த மேசையில் இருந்தார் என்பதுவரை. தமிழிலேயே கொடுக்கப் போகிறாளாம். தமிழும் அரச மொழிதானே, வாங்கத்தான் வேண்டும் என்றாள்.

“எங்கே கொடுப்பாய்?” என்று கேட்டேன்.

“அதே பொலிஸ்லதான் அங்கிள். மொதல்ல எழுதுனது அங்கதான இருக்கு.”

“வாங்க மாட்டோம் என்றால்?”

“வாங்க மாட்டோம்னு எழுதித் தரச் சொல்லுவேன்,” என்றாள். பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.